குரல் ஏன் உடைகிறது?

நம் நாட்டில் 'புரோட்டோகால்' என்ற சொல்லைப் பெரும்பாலோர் முதன்முதலில் ஏதாவது ஒரு விழா மேடையில்தான் கேட்டிருப்பார்கள். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியோ, கோயில் திருப்பணிக் கூட்டமோ, எதுவானாலும் பேச வருகிறவர் முதல் ஐந்து நிமிடத்தை மாண்புமிகு, தான்ஸ்ரீ, டத்தோ, தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் என்று வரிசை மாறாமல் விளிப்பதிலேயே செலவிடுவார். ஒரு டத்தோவின் பெயர் விட்டுப்போனால் அடுத்த ஆண்டு நன்கொடைக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான். யார் முதலில், யார் அடுத்து, மாலை எப்போது, பொன்னாடை எப்போது என்று எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒழுங்கு அது.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிள்ளானிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கணினி இணைப்புகள் போட்டுக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். என் தொழிலிலும் இதே சொல் உண்டு, ஏறக்குறைய இதே பொருளில். இரண்டு கருவிகள் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் யார் முதலில் பேசுவது, எப்படிக் கூப்பிடுவது, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று முன்பே ஓர் ஒப்பந்தம் வேண்டும். தமிழில் 'நெறிமுறை' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் ஒரு கடைக்குள் போய், "முதலாளி, உங்கள் நெறிமுறை சரியில்லை" என்று சொல்லிப் பாருங்கள், டீ கூடக் கிடைக்காது.

மேடைப் பேச்சோடு இன்னோர் ஒற்றுமையும் உண்டு. நாம் அனுப்பும் படமோ கடிதமோ இணையத்தில் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகிறது. ஒரு பொட்டலம் வழக்கமாக 1,500 பைட்டுக்கு மேல் இருக்காது. அதிலும் பெரும்பாலும் முதல் 40 பைட், யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனையாவது பொட்டலம் என்ற விளிப்புக்கே போய்விடும். அந்த முகவரியைப் பார்த்து வழியனுப்புவது ஐபி என்ற நெறிமுறை. அது கொண்டுபோய்ச் சேர்க்க முயலும். சேர்த்தே தீருவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காது.

இத்தனை ஆண்டு வேலையில் நான் கண்டது இது: ஒவ்வொரு நெறிமுறையும் ஏதோ ஒன்றுக்குத்தான் வாக்குக் கொடுக்கிறது. மற்றதையும் அதுவே கொடுக்கும் என்று நாம் எதிர்பார்க்கும்போதுதான் எனக்கு அழைப்பு வருகிறது.

ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு சேலைக்கடை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மாலை அந்தக் கடைக்கார அக்கா அழைத்தார். "தம்பி, கார்டு மெஷின் ஓடல. ரெண்டாவது கல்லாக் கம்ப்யூட்டரும் ஓடல. சனங்க சேலையக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாங்க. சீக்கிரம் வாப்பா." போய்ப் பார்த்தால் ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சை. முதல் கல்லா நன்றாக ஓடுகிறது. இரண்டாவது நின்றுவிட்டது. கார்டு மெஷின் ஒருமுறை ஓடுகிறது, அணைத்துப் போட்டால் நின்றுவிடுகிறது. வரிசையில் நின்றவர்களில் சிலர் சேலையை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தீபாவளிச் சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் என்றால் அந்த அக்காவுக்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியும்.

ஒரு கருவி புதிதாக இணைப்பில் சேரும்போது அதற்கென்று முகவரி எதுவும் இருக்காது. அது பொதுவில் ஒரு குரல் கொடுக்கும்: 'யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்.' ரூட்டர் பதில் சொல்லும்: 'இந்தா, இந்த எண்ணை வைத்துக்கொள், இத்தனை மணி நேரத்துக்கு. வெளியே போக இந்த வாசல்.' அன்னதானத்தில் டோக்கன் கொடுப்பதைப் போலத்தான். இதற்கு டிஎச்சிபி என்று பெயர். வீட்டில் வைஃபை கடவுச்சொல் போட்டதும் இணையம் வந்துவிடுகிறதே, அந்த ஓரிரு விநாடியில் நடப்பது இந்தக் கேள்வியும் பதிலும்தான். முகவரி சொந்தமல்ல, வாடகை. நேரம் முடிவதற்குள் கருவி புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடையில் நான் போட்டிருந்த முகவரிகள் எல்லாம் 192.168.1 என்று தொடங்கும். ஓடாத கணினியைத் திறந்து பார்த்தால் 192.168.0 என்று இருந்தது. அதாவது கடைக்குள் வேறு யாரோ டோக்கன் கொடுக்கிறார்கள். அந்த டோக்கனில் எழுதியிருக்கும் வாசல் வெளியே போகவே போகாது. கேபிளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனேன். அது மாடிக்குப் போனது. சரக்கறையில், சேலைக் கட்டுகளுக்குப் பின்னால், ஒரு பழைய ரூட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மாடியில் வைஃபை சரியாக எடுக்கவில்லை என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியது. தேட ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி போட்டு ஓடவைக்கப் பத்து நிமிடம்.

அக்கா அன்றே அவனைக் கணக்கு முடித்து அனுப்பத் தயாராக இருந்தார். நான் சொன்னேன்: "அக்கா, இந்த நெறிமுறை யாரையும் 'நீ யார்' என்று கேட்காது. யார் முதலில் பதில் சொன்னாலும் நம்பிவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பையனை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்." அந்தப் பேச்சுக்குத்தான் மனம் இறங்கினாரா, கல்லா மறுபடி ஓடத் தொடங்கியதாலா என்று சொல்ல முடியாது. அடுத்த தீபாவளிக்கும் அவன் அங்கேதான் மடித்த சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"லைன் இல்லை" என்று வரும் அழைப்புகளில் இன்னொரு வகை உண்டு. லைன் இருக்கும், பெயர்தான் தெரியாமல் போயிருக்கும். நான் போனதும் செய்யும் முதல் வேலை, கணினியில் 8.8.8.8 என்ற எண்ணுக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்ப்பது. பதில் வந்தால் பாதை சரியாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் இடத்தில்தான் கோளாறு. நாம் பெயரைத் தட்டுகிறோம். கருவிகளுக்கு எண் வேண்டும். நடுவில் நின்று கேட்டுச் சொல்வது டிஎன்எஸ்.

ஒரு காலத்தில் அந்த இணைப்பில் இருந்த எல்லாக் கணினிப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகப் பெருக ஒரு கோப்பால் தாங்க முடியவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வேறு வழி செய்தார்: முழுப் பட்டியலை யாருமே வைத்திருக்க வேண்டாம், அடுத்து யாரிடம் கேட்பது என்று தெரிந்தால் போதும். அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஆள் தேடிப் போனவர்களுக்கு இது புரியும். ஆபிசில் கேட்டால் கங்காணியைக் காட்டுவார்கள். கங்காணி லயத்தைக் காட்டுவார். லயத்தில் ஒரு பாட்டி, "அந்தக் கடைசி வீடுதான்" என்பார்.

தமிழனாக எனக்கு இதில் ஒரு தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு. 2011 முதல் '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் இணைய முகவரி அதிகாரபூர்வமாக இருக்கிறது. உள்ளே போனால் டிஎன்எஸ் அதை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட சரமாக மாற்றித்தான் எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் பழைய பெயர் விதி ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு இவற்றை மட்டுமே அறியும். நான் போகும் கடைகளில் அப்படி ஒரு முகவரியைத் தட்டிப் பார்த்தவர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. இருந்தாலும் நம் எழுத்துக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது.

மின்னஞ்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எஸ்எம்டிபி என்ற அதன் நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அனுப்புநர் என்ற இடத்தில் யார் எந்தப் பெயரை எழுதினாலும் அது எடுத்துக்கொண்டு போகும். தபால் உறையின் பின்பக்கம் போல. பிற்காலத்தில் அதைச் சரிபார்க்கச் சில ஏற்பாடுகளைச் சேர்த்தார்கள். ஆனாலும் வங்கியின் பெயரில் ஒரு கடிதம் வந்தால், பெயரைப் பார்த்து மட்டும் நம்ப வேண்டாம்.

பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இணையப் பக்கங்களைக் கொண்டுவருவது எச்டிடிபி. அதையே உறையில் போட்டு முத்திரை வைத்து அனுப்பினால் எச்டிடிபிஎஸ். பல ஆண்டுகளாக அதற்கு அடையாளமாக முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பூட்டு இருந்தது. எங்கள் வீட்டருகே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வீட்டுச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புவதாக வந்த ஒரு விளம்பரத்தை நம்பி, அந்தப் பக்கத்தில் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைப் போட்டார். சேமிப்பில் ஒரு பெரும் பகுதி போய்விட்டது. என்னிடம் வந்து அழுதபோது அவர் சொன்ன ஒரே வாசகம், "பூட்டு இருந்துச்சே தம்பி, பாத்துட்டுத்தானே போட்டேன்" என்பதுதான்.

பூட்டு பொய் சொல்லவில்லை. அவருடைய கைப்பேசிக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்று வாக்குக் கொடுத்தது, அதைக் காப்பாற்றியது. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் திருடனா இல்லையா என்று அதற்குத் தெரியாது. திருடனும் பூட்டு வாங்கலாம், பல நேரம் இலவசமாகவே. இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்ததால்தான் 2023-இல் குரோம் உலாவி பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. ஆசிரியைக்கு நடந்தது அதற்கு முன்பு. இப்போது இப்படி ஏதாவது நடந்தால் யோசித்துக்கொண்டு உட்காராமல் உடனே 997-ஐ அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்கு முன் நிறுத்தி வைக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. வெட்கப்பட்டு ஒரு நாள் தாமதித்தால் அந்த வாய்ப்பும் குறைந்துவிடும்.

இனி நான் எழுத நினைத்த விஷயம்.

என் பெரியம்மா சித்தியவானில் இருந்தார். அவருடைய மகன், என் அண்ணன் முறை, சிங்கப்பூரில் வேலை. உட்லண்ட்ஸில் நான்கு பேரோடு ஒரு வாடகை அறை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லை அடைபட்டபோது, ஒரு மாதத்தில் திறந்துவிடுவார்கள் என்றுதான் அவரும் நினைத்தார். மே மாதம் பெரியம்மாவுக்குப் பக்கவாதம். மருத்துவமனையில் ஒருவருக்குத்தான் அனுமதி. அண்ணனின் தங்கை கூட இருந்தாள். இரவு எட்டு மணிக்கு அவள் கைப்பேசியைப் பெரியம்மாவின் முகத்துக்கு நேரே பிடிப்பாள். வார்டுக்குள் சிக்னல் மிகக் குறைவு. பெரியம்மாவின் பேச்சே குழறிப் போயிருந்தது. அதிலும் பாதி வரவில்லை.

ஒருநாள் இரவு அண்ணன் என்னை அழைத்தார். "தம்பி, வாட்ஸாப்ல படம் அனுப்பினா வருது. மெசேஜ் ஒரு எழுத்து விடாம வருது. அம்மா பேசுறது மட்டும் ஏன்டா வந்து சேர மாட்டேங்குது? நீ இந்த வேலதானே பாக்கிற?"

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று சற்று நேரம் ஆனது.

படமும் எழுத்தும் டிசிபி என்ற நெறிமுறையில் வருகின்றன. அது கணக்குப்பிள்ளை. தொடங்கும் முன்பே மூன்று முறை உறுதி செய்துகொள்ளும்: 'கேட்குதா?' 'கேட்குது, நான் சொல்றது கேட்குதா?' 'கேட்குது, சொல்லுங்க.' பிறகு அனுப்புவதற்கெல்லாம் எண் போடும். எதிர்ப்பக்கம் 'கிடைத்தது' என்று சொல்லும்வரை தன் பிரதியைத் தூக்கிப் போடாது. பதில் வராவிட்டால் காத்திருந்து மறுபடி அனுப்பும். அப்போதும் வராவிட்டால் இன்னும் நீண்ட நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். நேரம் எவ்வளவு ஆனாலும் சரி, ஓர் எழுத்துக்கூடக் குறையக் கூடாது. அதன் வாக்கு அதுதான்.

பேச்சுக்கு அது ஒத்துவராது. பேசும் குரலைப் பொதுவாக 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, ஒரு விநாடிக்கு ஐம்பது பொட்டலம் என்று அனுப்புகிறார்கள். நடுவில் ஒன்று தொலைந்தால், அது மறுபடி வரும்வரை பின்னால் வந்த எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க முடியுமா? அதற்குள் பேசுகிறவர் அடுத்த வாக்கியத்தில் இருப்பார். ஆகவே குரலும் நேரடிப் படமும் பெரும்பாலும் யுடிபி என்ற நெறிமுறையில் போகின்றன. அது அனுப்பும், அவ்வளவுதான். கிடைத்ததா என்று கேட்காது, மறுபடி அனுப்பாது. தொலைந்தது தொலைந்ததுதான்.

இது சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல. விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் எழுதிய முதல் திட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே நெறிமுறைதான் இருந்தது, ஒன்றும் தொலையக் கூடாது என்ற கொள்கையோடு. அந்த நாளிலேயே குரலைப் பொட்டலமாக அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்த டேனி கோஹன் போன்றவர்கள், தாமதமாக வரும் குரலால் பயனில்லை, பிரித்துவிடுங்கள் என்று வாதாடினார்கள். 1978-இல் பிரித்தார்கள். 1980-இல் ஜான் போஸ்டல் யுடிபியை எழுதினார், மூன்றே பக்கத்தில். அடுத்த ஆண்டு வந்த டிசிபி ஆவணம் எண்பது பக்கத்துக்கு மேல். ஒன்றையும் இழக்காமல் இருப்பதற்கு அவ்வளவு விதிகள் வேண்டியிருந்தன.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லவில்லை. "அண்ணே, நேர்ல பேசுறது வேற பாதை, அதுல விட்டுப்போனா திரும்ப வராது. காலையில பெரியம்மா கொஞ்சம் தெளிவா இருக்கும்போது தங்கச்சிய குரல் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க. லேட்டா வரும், ஆனா முழுசா வரும்" என்றேன்.

மறுநாள் முதல் பதிவுகள் வரத் தொடங்கின. புலனத்தில் அந்த வட்டம் சில நேரம் பத்து நிமிடம்கூடச் சுற்றிக்கொண்டிருக்குமாம். அண்ணன் வேலையிடத்தில் மதிய உணவு நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பிறகு முழுதாக வந்து நிற்கும். குழறல் இருந்தது, ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டார். மொத்தம் பதினொரு பதிவுகள். கடைசியானது 41 விநாடி. சாப்பிட்டாயா என்று கேட்கிறார். பின்பக்கத்து முருங்கைக் கிளை பக்கத்து வீட்டு மக்சிக்கின் தகரக் கூரைமேல் சாய்கிறது, அறுக்கச் சொல்லு, பாவம் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்கிறார்.

ஆனாலும் இரவு எட்டு மணி அழைப்பை அண்ணன் விடவில்லை. "பதிவு போதுமே அண்ணே, அதுல ஒண்ணும் புரியலேன்னு சொன்னீங்களே" என்று நானே ஒருமுறை கேட்டேன். "பதிவுல அம்மா சாப்டியான்னு கேக்குறாங்க. நான் சாப்டேன்னு சொல்றது அவங்க காதுல எப்ப விழும்?" என்றார். இருபது ஆண்டுகள் கேபிள் இழுத்த எனக்கு, நேரத்துக்காக முழுமையை விட்டுக்கொடுக்கும் ஒரு நெறிமுறை ஏன் வேண்டியிருந்தது என்பது அந்தக் கேள்வியில்தான் சரியாகப் புரிந்தது.

பெரியம்மா ஜூலையில் போய்ச் சேர்ந்தார். அண்ணனால் வர முடியவில்லை. நான்தான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்க்கரிசி போடும் நேரம் படம் உறைந்துவிட்டது. மீண்டும் ஓடத் தொடங்கியபோது முகத்தை மூடியிருந்தார்கள். விட்டுப்போனது மறுபடி வராது என்று அவருக்கும் இப்போது தெரியும். ஒன்றும் கேட்கவில்லை.

போன ஆண்டு அண்ணன் கிள்ளானுக்கு வந்தார், புதுக் கைப்பேசியோடு. பழையதில் இருப்பதையெல்லாம் மாற்றித் தரச் சொன்னார். படங்களைப் பற்றிக் கவலைப்படவில்லை, அந்தப் பதினொன்றும் வந்துவிட்டதா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து, பழையதில் எத்தனை பைட், புதியதில் எத்தனை பைட் என்று இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் கேபிளைக் கழற்றினேன்.